அம்பாசிடரில் வேக்குவம் குழாயைக் கழற்றலாமா? வைத்த டைமிங் ஏன் நிற்பதில்லை?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பா ஓட்டிய 1984 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல். புதுச்சேரி போகும்போது பெண்ணையாற்றுப் பாலம் ஏறினால் எஞ்சினில் டிங்டிங் என்று சத்தம். அரியாங்குப்பம் நெரிசலில் சூடு ஏறுகிறது. மைலேஜும் சரிந்துவிட்டது. மிதிக்கும்போது உதறல் வேறு இருந்தது. ஒரு மெக்கானிக், கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்தனுப்பும் பாகம்) உறிஞ்சலைக் கொண்டுபோகும் வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஸ்க்ரூ வைத்து அடைத்து, "இது தேவையே இல்லை" என்றார், உதறல் நின்றது. இன்னொருவர் அதே குழாயை மேனிஃபோல்டில் (கார்புரேட்டருக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவிலுள்ள குழாய்) மாட்டச் சொல்கிறார். இருவருமே டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைத்துக் கொடுத்தார்கள், இரண்டு வாரத்தில் வண்டி பழையபடி ஆகிவிட்டது. குழாயை எங்கே மாட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: வைத்த டைமிங் ஏன் வைத்த இடத்தில் நிற்கவில்லை?

முதலில் நேரான பதில். குழாயை மாட்டுங்கள். கார்புரேட்டரில் அதற்கென்று இருக்கும் பழைய துளையிலேயே மாட்டுங்கள். பாலம் ஏறும்போது வரும் அந்த டிங்டிங் சத்தத்துக்கு, அதாவது நாக்கிங்குக்கு, அந்தக் குழாய் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. குழாயைக் கழற்றியதும் உதறல் நின்றது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் நீங்கள் கொடுத்திருக்கும் தகவல்களிலேயே பொன்னானது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் இருப்பது 1489 சிசி பிஎம்சி எஞ்சின் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிற்பாடு யாராவது 1800 ஐசுசூ எஞ்சினை இறக்கியிருந்தால் கீழே உள்ள எண்கள் எதுவும் பொருந்தாது. 1489 சிசி எஞ்சினில் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் லூக்காஸ் 25டி4 குடும்பம். மேலிருந்து பார்த்தால் அதன் நடுவில் சுழலும் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் (பொறி முன்னதாக விழும்), இடஞ்சுழியாகத் திருப்பினால் ரிடார்ட் (பொறி பிந்தி விழும்). இதை ஒரு தாளில் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவையுங்கள். பாதி குழப்பம் திசையைத் தப்பாகப் பிடிப்பதால்தான் வருகிறது.

டைமிங் என்பது ஒரே எண் என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. அது மூன்று எண்களின் கூட்டுத்தொகை. பிளக்கில் பொறி பாய்ந்ததும் பெட்ரோலும் காற்றும் அந்தக் கணமே வெடித்துவிடுவதில்லை, எரிந்து முடிய நேரம் எடுக்கிறது. பிஸ்டன் மேலே வந்து இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும் என்றால், பொறியை முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். நின்ற நிலையில் நாம் கையால் வைப்பது அடிப்படை அட்வான்ஸ். ஆர்பிஎம் ஏற ஏற அதே எரிதலுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. அதற்காக டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங்குகள். சுழலும் வேகத்தில் எடைகள் விரிந்து கேமை, அதாவது பொறிக்கான பாயிண்ட் என்ற சிறு ஸ்விட்சைத் திறந்து மூடும் தண்டை, முன்னே தள்ளும். மூன்றாவது வேக்குவம். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, நெருக்கமில்லாதது, மெதுவாக எரியும். அதற்கு இன்னும் முன்னதாகப் பொறி வேண்டும். அந்த நேரத்தில் கார்புரேட்டரில் இருக்கும் உறிஞ்சல் வேக்குவம் டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுக்க, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு திரும்பி அந்த அட்வான்ஸைக் கொடுக்கிறது.

இப்போது பாலத்துக்கு வருவோம். ஏற்றத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கிறீர்கள். த்ராட்டில் திறந்ததும் உறிஞ்சல் படுத்துவிடும். டயாஃப்ரத்தின் ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். அதாவது நாக்கிங் வரும் அந்த நொடியில் வேக்குவம் அட்வான்ஸ் அநேகமாகப் பூஜ்யம். குழாய் மாட்டியிருந்தாலும் ஒன்றுதான், கழற்றியிருந்தாலும் ஒன்றுதான். அந்தச் சத்தத்துக்கு அடிப்படை டைமிங், எடைகள், சூடு, கார்பன், ஒல்லிக் கலவை (பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவை) இவற்றைத்தான் பார்க்க வேண்டும். டாப் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றம் ஏறினால் எந்த நல்ல அம்பாசிடரும் கொஞ்சம் முனகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கியருக்கு இறங்கிப் பாருங்கள். மாறாக, சமதளத்தில் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் பக்கம் 50, 60 வேகத்தில் லேசாக மிதித்து ஓட்டும்போது டிங்டிங் கேட்டால் வேக்குவத்தைச் சந்தேகிக்கலாம்.

குழாயைக் கழற்றி ஓட்டினால் எஞ்சின் உடைந்துவிடாது. ஆனால் நீங்கள் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி அரை மிதியில்தான் போகிறது, அந்த நேரம் முழுக்கப் பொறி தாமதமாக விழுகிறது. எரிதல் பிந்தி நடப்பதால் சூடு பிஸ்டனைத் தள்ளாமல் எக்ஸாஸ்ட் வழியே போகிறது. மைலேஜ் குறையும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதிக்கும், தண்ணீர்ச் சூடும் ஏறும். உங்கள் இரண்டு புகார்களுக்கு இது ஒரு பங்கு விளக்கம்.

மேனிஃபோல்டில் மாட்டச் சொன்னவர் சும்மா சொல்லவில்லை. மேனிஃபோல்டில் ஸ்லோ ஸ்பீடிலும் முழு உறிஞ்சல் இருக்கும், அதனால் நின்ற நிலையிலும் அட்வான்ஸ் கிடைக்கும், நெரிசலில் சூடு சற்றுக் குறையும். இதில் உண்மை உண்டு. ஆனால் உங்கள் டிஸ்ட்ரிபியூட்டர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வேக்குவம் டப்பாவின் உடலில் மூன்று எண்கள் அடித்திருக்கும், உதாரணமாக 5-17-8. 5 அங்குல பாதரச உறிஞ்சலில் இழுக்கத் தொடங்கும், 17-இல் முழுதாக இழுத்துவிடும், மொத்தம் டிஸ்ட்ரிபியூட்டரில் 8 டிகிரி என்று அர்த்தம். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 16 டிகிரி. நல்ல எஞ்சினின் ஸ்லோ ஸ்பீடு உறிஞ்சல் ஏறத்தாழ 16-லிருந்து 20 அங்குலம். பழைய எஞ்சினில் இன்னும் குறையும். அதாவது டயாஃப்ரம் முழுதாக இழுத்தும் இழுக்காத ஊசலாட்ட எல்லையிலேயே நிற்கும். ஏசி போட்டால் உறிஞ்சல் இறங்கும், அதோடு அட்வான்ஸும் இறங்கும், அதனால் ஸ்லோ ஸ்பீடு மேலும் விழும். ஏறி இறங்கி ஊளையிடும் எஞ்சினை இப்படித்தான் உருவாக்குகிறார்கள். கார்புரேட்டரின் துளை த்ராட்டில் தட்டின் விளிம்பை ஒட்டி இருக்கிறது. ஸ்லோ ஸ்பீடில் உறிஞ்சல் இல்லை, லேசாக மிதித்ததும் வந்துவிடும். எஞ்சின் ஓடும்போது குழாயைக் கழற்றி விரலை வைத்தால் தெரியும்: நின்ற நிலையில் விரலை இழுக்கக் கூடாது, கொஞ்சம் மிதித்ததும் இழுக்க வேண்டும். நின்ற நிலையிலேயே பலமாக இழுத்தால் யாரோ இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அல்லது ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை அளவுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த உதறல். கேப்பைக் கழற்றுங்கள், ரோட்டாரை மேலே இழுத்து எடுங்கள். வேக்குவம் குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுங்கள். பெட்ரோல் நாற்றம் பிடிக்காதவர்கள் மருந்துக்கடையில் 60 மில்லி சிரிஞ்ச் வாங்கி அதை இழுக்கலாம். பாயிண்ட் இருக்கும் தட்டு வழுக்கினாற்போல் சில மில்லிமீட்டர் திரும்ப வேண்டும். உறிஞ்சியபடியே குழாயின் வாயை நாக்கால் அடையுங்கள். தட்டு அங்கேயே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, அல்லது ரப்பர் மூட்டு வெடித்திருக்கிறது. இழுக்கவே இல்லை, ஆனால் உறிஞ்சலும் பிடித்து நிற்கிறது என்றால் தட்டு துருவால் இறுகியிருக்கிறது. கடற்கரை ஊரில் மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டிகளில் இது சாதாரணம்.

தட்டு திரும்பும்போது அதனுடன் போகும் இரண்டு வயர்களைக் கண்ணை அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று துணி உறை போட்ட மெல்லிய எர்த் வயர். தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடலோடு இணைப்பது. இன்னொன்று வெளியே காயிலிலிருந்து வரும் லோ டென்ஷன் வயர் உள்ளே நுழைந்து பாயிண்டுக்குப் போகும் சிறு துண்டு. ஆயிரமாயிரம் முறை மடங்கி மடங்கி இவற்றின் செப்புப் புரிகள் உறைக்குள்ளேயே அறுந்துபோகும். வெளியே பார்த்தால் வயர் முழுதாக இருக்கும், ஒரு டூத்பிக்கால் தூக்கினால் நூல் மாதிரி துவளும். தட்டு அசையாதபோது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், வண்டி நன்றாக ஓடும். வேக்குவம் தட்டை இழுத்ததும் முனைகள் விலகும், பொறி விடுபட்டு மிஸ்ஸிங் வரும், அதுதான் அந்த உதறல். குழாயைக் கழற்றினால் தட்டு அசையாது, ஆகவே மிஸ்ஸிங்கும் நிற்கும். கழற்றியவர் குழாய்தான் குற்றவாளி என்று முடிவு கட்டுவார். உங்கள் வண்டியில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. நேரில் பார்க்காததால் கணிப்பு என்றே சொல்கிறேன். மல்ட்டிமீட்டர் இருந்தால் ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையை டிஸ்ட்ரிபியூட்டர் உடலிலும் வைத்து, குழாயை உறிஞ்சித் தட்டை ஆட்டிப் பாருங்கள். ஓம் எண் தாவினால் எர்த் வயர் போயிற்று. மாற்ற ஆகும் செலவு ஒரு காபிக்குச் சமம். ஆனால் சாதாரண வீட்டு வயரைப் போடாதீர்கள். மிக மெல்லிய பல புரிகள் கொண்ட நெகிழ்வான வயர் வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதத்தில் மீண்டும் அறும். கொஞ்சம் தளர்வாக விட்டு சால்டர் செய்யுங்கள், கேம் மீது உரசாதபடி.

வயர்கள் இரண்டும் நன்றாக இருந்து, தட்டே மேலும் கீழுமாக ஆடினால், அதுவும் இதே உதறலைக் கொடுக்கும். தட்டு தேய்ந்து சாய்ந்தால் பாயிண்டின் இடைவெளி வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து ரோட்டார் உட்காரும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். விரலுக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்படியான டிஸ்ட்ரிபியூட்டரில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு வித டைமிங் விழும். என்னதான் சரியாக வைத்தாலும் நிற்காது. லேத்தில் கொடுத்து புஷ் போட்டுக்கொள்ளலாம். இந்த ஆட்டத்தைச் சரி செய்யாமல் புதிது புதிதாக பாயிண்ட் மாற்றுவது காசுக்குக் கேடு. பிறகு ரோட்டாரை மாட்டி அதன் சுழலும் திசையில், அதாவது இடஞ்சுழியாகத் திருகி விடுங்கள். சில டிகிரி போய் 'டக்' என்று தானே திரும்பி வர வேண்டும். திரும்பி வராமல் போன இடத்தில் நின்றால் எடைகள் துருப்பிடித்து விரிந்தே நிற்கின்றன. பாலத்து நாக்கிங்குக்கு இது நேரடிக் காரணம்: குறைந்த வேகத்திலும் அதிவேகத்துக்கான அட்வான்ஸ். தட்டைக் கழற்றி எடைகளை மண்ணெண்ணெயில் கழுவி, அச்சில் சொட்டு எண்ணெய் விட்டால் போதும். அங்கே இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று மெல்லியதாகவும் மற்றொன்று தடிப்பாகவும், தடித்தது கொஞ்சம் லூசாகவும் இருக்கலாம். அது பழுதல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மெல்லியது முதலில் வேலை செய்யும், பிறகு தடித்தது சேர்ந்துகொள்ளும். லூசாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கமாகப் போட்டால் பிக்கப் செத்துப்போகும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் பாயிண்ட். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. வரை, பழைய அளவில் 0.014 முதல் 0.016 அங்குலம். ட்வெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் கருவி) இருந்தால் 60 டிகிரியை ஒட்டி, மூன்று கூட்டியோ குறைத்தோ. கேமின் உச்சியில் பாயிண்டின் குதிகால் நிற்கும்போது ஃபீலர் கேஜைச் செருகி அளக்க வேண்டும். தேய்ந்த பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் இருக்கும்; ஃபீலர் மேட்டின் மேல் உட்கார்ந்து பொய் சொல்லும். புதியது போடுங்கள்.

உங்கள் இரண்டு வாரக் கணக்கின் விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பாயிண்டின் இடைவெளியும் டைமிங்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் அட்வான்ஸாகும், குறைந்தால் ரிடார்ட். கேமின் மேல் கிரீஸ் இல்லாமல் புதுப் பாயிண்ட் போட்டால் ஃபைபர் குதிகால் சில நூறு கிலோமீட்டரிலேயே கரைந்து, இடைவெளி சுருங்கி, டைமிங் தானாகவே பின்னால் போய்விடும். மைலேஜும் பிக்கப்பும் விழும், சூடு ஏறும். உடனே யாரோ டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி ஈடு செய்வார்கள். அடுத்தவர் பாயிண்டைச் சரி செய்வார், டைமிங்கைத் தொட மாட்டார், இப்போது அட்வான்ஸ் கூடிப்போய் நாக்கிங். இரண்டு மெக்கானிக்குகளும் தங்கள் பங்குக்குச் சரியாகச் செய்தும் வண்டி கெட்டது இந்த வழியில்தான். ஆகவே விதி: முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங், பாயிண்டைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்தே ஆக வேண்டும். கேம் மீது தீக்குச்சித் தலையளவு கிரீஸ், ரோட்டாருக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ மேல் இரண்டு மூன்று சொட்டு எஞ்சின் ஆயில், பாயிண்டின் அச்சில் ஒரே ஒரு சொட்டு. அதிகம் விட்டால் பாயிண்டில் தெறித்துக் கருகும். 500 கிலோமீட்டர் கழித்து இடைவெளியை மறுபடி அளந்துவிடுங்கள்.

கிளாம்ப் தட்டையும் பாருங்கள். திருகு இறுக்கி இறுக்கித் தட்டு வளைந்தோ விரிசல் விட்டோ இருந்தால், இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும், கையால் பிடித்து முறுக்கினால் உடல் நகரும். நகர்ந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

இனி டைமிங் வைப்பது. ஒன்றாம் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் மெல்லச் சுற்றுங்கள். ஹேண்டில் இல்லையென்றால் டாப் கியரில் போட்டு வண்டியைத் தள்ளுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் கம்ப்ரஷன். கிராங்க் புல்லியில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் கவரில் சிறு கூர்முனைகள் இருக்கும்: நீளமானது பிஸ்டன் உச்சி, மற்றவை 5, 10 டிகிரி முன்னால். பல வண்டிகளில் இவை புல்லிக்குக் கீழ்ப்புறம் இருப்பதால் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே படுத்துதான் பார்க்க வேண்டும். நாற்பது வருட எண்ணெய்ச் சேற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வெட்டில் வெள்ளை நெயில் பாலிஷ் தடவுங்கள். புல்லியை யாராவது எப்போதாவது மாற்றியிருப்பார்கள் என்பதால் அந்தக் குறியை நம்புவதற்கு முன் ஒருமுறை சோதியுங்கள். பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, நடுவில் ஒரு போல்டை இறுக்கி, துளையில் மாட்டுங்கள். கையால் மெல்லச் சுற்றினால் பிஸ்டன் போல்டில் இடித்து நிற்கும்; புல்லியில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி இடிக்கும், இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில்தான் உண்மையான உச்சி. ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றாதீர்கள், பிஸ்டன் ஓட்டையாகும். முடிந்ததும் அதை மறக்காமல் கழற்றுங்கள்.

வைக்க வேண்டிய டிகிரி கம்ப்ரஷன் விகிதத்தைப் பொறுத்து மாறும்; உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கும் எண்ணைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு 12 வோல்ட் சிறு பல்பின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் லோ டென்ஷன் முனையத்திலும், மறுமுனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் பிடியுங்கள். இக்னிஷனைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் பல்பு அணையும், திறந்ததும் எரியும். புல்லியை வேண்டிய டிகிரியில் நிறுத்தி, கிளாம்பைத் தளர்த்தி, முதலில் பல்பு அணையும்வரை உடலை இடஞ்சுழியாகத் திருப்பி, பிறகு வலஞ்சுழியாக மெல்லக் கொண்டுவந்து எரியத் தொடங்கும் புள்ளியில் இறுக்குங்கள். புல்லியை எப்போதும் ஓடும் திசையிலேயே சுற்றி நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் கால் சுற்றுப் பின்னே போய் மீண்டும் வாருங்கள். அப்போதுதான் சங்கிலியிலும் பல்லிலும் இருக்கும் தளர்ச்சி ஒரே பக்கம் இருக்கும். அந்தத் தளர்ச்சியே ஒரு சோதனைதான்: புல்லியை முன்னும் பின்னும் ஆட்டி, ரோட்டார் அசையத் தொடங்குவதற்குள் எத்தனை டிகிரி போகிறது என்று பாருங்கள். பத்தைத் தாண்டினால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது என்று சந்தேகியுங்கள். பாயிண்ட் மூடிய நிலையில் இக்னிஷனை நிமிடக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், காயில் கொதிக்கும்.

டைமிங் லைட் கிடைத்தால் அதன் மேல் ஒரு சரிபார்ப்பு. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, ஸ்லோ ஸ்பீடைக் குறைத்து வைத்துப் பாருங்கள். குறி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நடுங்கினால் புஷ் அல்லது செயின். ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றினால் குறி வழுக்கிக்கொண்டு விலக வேண்டும், தாவக் கூடாது. எடைகள் முழுதாக விரிந்த பிறகு அடிப்படையும் சேர்த்து இந்த வகைப் பழைய எஞ்சின்கள் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டி நிற்கும். 2000 ஆர்பிஎம்மில் பிடித்துக்கொண்டு குழாயை மாட்டினால் குறி ஒரே எட்டில் மேலும் முன்னே போகும். போகவில்லையென்றால் டப்பா வேலை செய்யவில்லை.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. கையேட்டின் டைமிங் எண்கள் 87 ஆக்டேன் (ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் அளவு), அதற்கும் கீழான பெட்ரோல் விற்ற காலத்தில் எழுதப்பட்டவை. இன்று பங்கில் கிடைப்பது 91-க்குக் குறையாது, அதில் எத்தனாலும் 20 சதவீதம். ஆக்டேன் கணக்கில் இது சாதகம்: கையேட்டைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே எஞ்சின் தாங்கக்கூடும். தாங்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன், ஒவ்வொரு வண்டியிலும் கார்பனும் கம்ப்ரஷனும் வேறு. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் பழைய ஜெட்டுக்குக் கலவை ஏறத்தாழ 7 சதவீதம் ஒல்லியாகும். ஒல்லிக் கலவை சூட்டையும் தயக்கத்தையும் கொடுக்கும். எஸ்யு கார்புரேட்டராக இருந்தால் டைமிங் எல்லாம் முடிந்த பிறகு கலவையில் பெட்ரோலைக் கூட்ட, ஜெட் நட்டை அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு, தேவைப்பட்டால் இரண்டு பக்க அளவு கீழே திருகிப் பாருங்கள். டைமிங்கை வைக்காமல் கலவையைத் தொடாதீர்கள்.

அரியாங்குப்பம் நெரிசலில் ஏறும் சூட்டை முழுக்க டைமிங் தலையில் கட்ட முடியாது. நம் கடலோரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர். அதை வருடக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் பாதிக் குழாய்கள் காரை கட்டியிருக்கும். எஞ்சின் சூடான பிறகு அணைத்து, ஃபேன் நின்றதும் ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நடுவில் குளிர்ந்த பட்டைகள் இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. மார்கழிக் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது என்றால் கேப்பின் உட்புறத்தில் பென்சில் கோடு மாதிரி கரித்தடம் தேடுங்கள். ஈரமும் உப்பும் சேர்ந்து பொறி அந்த வழியே ஓடும். சுரண்டி எடுக்க முடியாது, கேப்பை மாற்றத்தான் வேண்டும். காயிலை மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்: சாதாரணக் காயில் ஏறத்தாழ 3 ஓம் காட்டும். 1.5 ஓம் காயிலை ரெசிஸ்டர் இல்லாமல் போட்டிருந்தால் பாயிண்ட் வாரத்துக்கொன்று கருகும், டைமிங் நிற்காததற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

கடைசியாக ரோட்டில். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, போக்குவரத்து இல்லாத நேரத்தில் டாப் கியரில் 50 வேகத்திலிருந்து முழுக்க மிதியுங்கள். மிக லேசாக டிங் கேட்டு மறைந்தால் அது எல்லை. அதிலிருந்து இரண்டு டிகிரி பின்னே வாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஓரத்தில் சொரசொரப்பான சிறு நட் இருந்தால் கிளாம்பைத் தொடாமலே செய்யலாம். ஏ, ஆர் என்று திசை குறித்திருக்கும். 11 கிளிக் ஏறத்தாழ ஒரு டிகிரி. சில பிற்கால டிஸ்ட்ரிபியூட்டர்களில் இந்த நட் இல்லை. நான்கு டிகிரி ரிடார்ட் செய்தும் அந்தச் சத்தம் கொஞ்சமும் மாறவில்லை, மிதியை விட்டதும் வேறு தொனியில் தொடர்கிறது என்றால் அது நாக்கிங்கே அல்ல. பிக் எண்ட் பேரிங் அல்லது பிஸ்டன் பின் சத்தமாக இருக்கலாம். அப்போது டைமிங் லைட்டை வைத்துவிட்டு, சூடான எஞ்சினில் ஆயில் பிரஷரைப் பாருங்கள். பார்க்கும்வரை புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டாம்.